படத்தில் காட்டிய படை: தொற்றுக்காலமும் தொலைவழித் தோல் வைத்தியமும்

2020 மார்ச் 20, மாலை ஆறு மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். அபாயம் கூடிய மாவட்டங்களில் ஒன்றாக யாழ்ப்பாணத்தையும் குறித்ததால், இங்கே அது ஏப்ரலிலும் நீண்டது. நெஞ்சு நோ, பிரசவம் என்றால் அம்புலன்ஸ் வரும். இடுப்பில் அரித்துப் பரவிக்கொண்டிருக்கும் தோல் படைக்கு யார் வருவது? அதற்காக ஒருவரும் பாஸ் எடுத்துக்கொண்டு போதனா வைத்தியசாலைக்கு வெளிக்கிடப் போவதில்லை. போனால் கொரோனாவையும் கொண்டு வரவேண்டி வருமோ என்ற பயம் வேறு. அந்த நாட்களில்தான் எங்களில் பலர் உடம்பில் இருப்பதைப் போனில் படமெடுத்து டொக்டர் ஒருவருக்கு அனுப்பிப் பார்த்தோம்.

தொலைவழித் தோல் வைத்தியம் என்பது இதுதான். தோல் நோயாளியும் நிபுணரும் ஒரே அறையில் இல்லாமல் நடக்கும் பரிசோதனை. இதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, படத்தையும் வருத்தத்தின் கதையையும் அனுப்பிவிடுவது. டொக்டர் தனக்கு வசதியான நேரத்தில் பார்த்துப் பதில் தருவார். மற்றது, வீடியோ அழைப்பில் நேருக்கு நேர் பேசுவது. வீடியோதான் மேல் என்று பலர் நினைக்கிறார்கள். தோலைப் பொறுத்தவரை பெரும்பாலும் அப்படியில்லை. வீடியோவில் படம் ஆடும், மங்கும், இடையில் நின்றுபோகும். நன்றாக எடுத்த ஒரு படம் அதைவிட நிறையச் சொல்லும். வீடியோவின் பலன், கேள்வி கேட்கலாம் என்பது. அதனால் படத்தை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு வீடியோவில் பேசும் கலப்பு முறையும் இருக்கிறது.

இது கொரோனாவோடு பிறந்த ஒன்றல்ல. அமெரிக்காவில் 1995 இலேயே இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். தோல் வைத்தியர் பாதி வேலையைக் கண்ணால் செய்பவர் என்பதால், தொலைவழி வைத்தியம் தொடங்கிய காலத்திலேயே இந்தத் துறையும் அதற்குள் வந்துவிட்டது. ஆனாலும் 25 வருடமாக ஓரத்தில் கிடந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தது 2020 தான்.

தொற்றுக்காலம் தன் பங்குக்குத் தோல் வருத்தங்களையும் கூட்டியது. நாள் முழுக்க சவர்க்காரமும் சனிடைசரும் போட்டுக் கழுவிய கைகள் வெடித்தன. முகக்கவசத்துக்குள் வேர்த்து முகப்பரு கிளம்பியது. கொரோனா மாறி இரண்டு மூன்று மாதத்தில் சிலருக்குத் தலைமுடி கொத்துக்கொத்தாக உதிர்ந்தது. கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு இப்படிக் கொட்டுவதும் பிறகு தானாக முளைப்பதும் டெங்கு வந்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். இவை எல்லாம் படம் பார்த்தும் கதை கேட்டும் சமாளிக்கக் கூடியவை. 2020 ஏப்ரலில் அரச வைத்தியசாலைக் கிளினிக் மருந்துகளைத் தபாலில் வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடும் வந்ததால், டொக்டரைக் காணாமல் மருந்து எடுப்பது அவ்வளவு அந்நியமான விடயமாகத் தெரியவில்லை.

சரி, சனங்கள் இதை விரும்பினார்களா?

மனப்பாங்கை எப்படி அளப்பது

பொதுமக்கள் மனப்பாங்கு என்று ஆய்வாளர்கள் சொல்வதை ஒரே கேள்வியில் பிடிக்க முடியாது. வழமையாக, ‘தொலைவழியில் தோல் வைத்தியரைக் காண்பது நேரத்தை மிச்சம் பிடிக்கும்’, ‘என் படங்கள் பாதுகாப்பாக இருக்கும் என்று நம்புகிறேன்’ என்ற மாதிரிச் சில வசனங்களைத் தந்து, முற்றாக உடன்படுகிறேன் என்பதிலிருந்து முற்றாக உடன்படவில்லை என்பது வரை ஐந்து படிகளில் ஒன்றுக்கு அடையாளமிடச் சொல்வார்கள். அமெரிக்க உளவியலாளர் ரென்சிஸ் லிக்கேர்ட் 1932 இல் தந்த முறை அது. கேள்விகளை அமைக்கப் பலர் துணைக்கு எடுப்பது ஃபிரெட் டேவிஸ் 1989 இல் முன்வைத்த மாதிரியை. ஒரு புதுத் தொழில்நுட்பத்தை ஆட்கள் ஏற்பது இரண்டு நினைப்பில் தங்கியிருக்கிறது என்றார் அவர்: இது எனக்கு உதவுமா, இதைப் பாவிப்பது சுலபமா.

தொற்றுக்காலத்தில் பல நாடுகளில் நடந்த இந்த வகை ஆய்வுகளில் சில விடயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. பயணமும் காத்திருப்பும் மிச்சம் என்பதைப் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனாலும் வழி இருந்தால் நேரில் போவதையே பலர் விரும்புகிறார்கள், அதுவும் முதல் தடவை காட்டும்போது. நோயைச் சரியாகப் பிடிப்பார்களா, என் படம் எங்கே போகும் என்ற இரண்டு பயமும் நாடு மாறினாலும் மாறுவதில்லை. ஒரு தடவை பாவித்தவர்கள், பாவிக்காதவர்களைவிட நல்ல அபிப்பிராயம் சொல்கிறார்கள்.

இந்த முடிவுகளைப் படிக்கும்போது கொஞ்சம் கவனம் வேண்டும். ஊரடங்கு நேரத்தில் வினாக்கொத்தை வீடு வீடாகக் கொண்டுபோக முடியாது, இணையத்தில்தான் பரப்பினார்கள். அதை நிரப்பியவர் யார்? ஏற்கெனவே கையில் ஸ்மார்ட்போனும் டேட்டாவும் வைத்திருப்பவர். இணைய வழி வைத்தியம் பிடிக்குமா என்று இணையத்தில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்டால், பதில் கொஞ்சம் இனிப்பாகத்தான் வரும். அப்புறம் இன்னொன்று: கிளினிக் பூட்டியிருந்த காலத்தில் ‘எனக்குத் திருப்தி’ என்று சொன்னவர், வேறு வழி இல்லாததால் கிடைத்ததோடு திருப்திப்பட்டவராகவும் இருக்கலாம். திருப்தி வேறு, விருப்பம் வேறு.

யாழ்ப்பாணத்தில் தடை போன் இல்லை

‘பாவிப்பது சுலபமா’ என்ற டேவிஸின் இரண்டாவது கேள்வியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவந்தால் ஒரு வேடிக்கை தெரியும். வீடியோ அழைப்பு எங்கள் வீடுகளுக்குப் புதிது கிடையாது. பிள்ளை கனடாவில், பேரப்பிள்ளை லண்டனில் என்று இருக்கும் வீட்டில் எழுபது வயது அம்மம்மாவுக்கும் வைபரைத் திறக்கத் தெரியும். பேரப்பிள்ளையின் பல் முளைத்ததை வீடியோவில் பார்த்துச் சந்தோசப்பட்டவர் அவர். வெளிநாட்டில் டொக்டராக இருக்கும் உறவினரிடம் புண்ணைக் காட்டி ‘இது என்ன மேனை’ என்று கேட்பதும் எத்தனையோ வீடுகளில் நடப்பதுதான். அதே அம்மம்மாவிடம் ‘டொக்டருக்கு வீடியோவில் காட்டுவமே’ என்றால், ‘தொட்டுப் பாக்காமல் என்னெண்டு சொல்லுறது’ என்பார்.

அது மூடநம்பிக்கை என்று நான் தள்ளிவிட மாட்டேன். பரியாரியார் நாடி பிடித்துப் பார்த்து வைத்தியம் செய்த ஊர் இது. கைதடியில் சித்த வைத்தியசாலை இன்றும் இயங்குகிறது. கை பட்டால்தான் வைத்தியம் தொடங்குகிறது என்ற எண்ணம் ஆழமாக ஊறியிருக்கிறது. அதோடு, தோல் வருத்தக்காரருக்குத் தொடுகை இன்னொரு சேதியையும் சொல்லும்: இது மற்றவர்கள் அருவருக்கும் ஒன்றல்ல, டொக்டரே தொடுகிறார் என்ற ஆறுதல். எந்தச் செயலியும் அதைத் தராது.

இரண்டாவது தடை இரகசியம். நகரத்துத் தனியார் வைத்தியசாலையில் சனல் பண்ணிவிட்டு (டொக்டரைக் காண நம்பர் பதிந்துவிட்டு) வரிசையில் இருந்தால் தெரிந்த முகம் ஒன்று எப்படியும் வந்துவிடும். அந்த வகையில் போன் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் போன் யாருடையது? பல வீடுகளில் நல்ல கமரா உள்ள போன் ஒன்றுதான். அது மகனிடமோ மருமகனிடமோ இருக்கும். தொடை இடுக்கில் படை உள்ள ஒரு பெண் அந்தப் போனில் எப்படிப் படம் எடுப்பார்? எடுத்த படம் கலரியில் கிடக்கும், தானாகக் கூகிள் கணக்குக்கும் ஏறிவிடும். கழுத்தில் வெண்புள்ளி கண்ட பிள்ளைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் வீட்டில், அந்தப் படம் கைமாறுவதை நினைத்தாலே நித்திரை வராது. இந்தப் பயத்தை ‘தொழில்நுட்ப அறிவு குறைவு’ என்று ஆய்வு அட்டவணையில் போட்டால் அது பிழை. நிலைமையை நன்றாக விளங்கிக்கொண்டதால் வரும் பயம் அது. மருத்துவத் தகவலை விசேட வகைத் தரவாகக் கொள்ளும் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை எங்கள் நாட்டுப் பாராளுமன்றம் நிறைவேற்றியது 2022 இல்தான்; 2020 இல் படம் அனுப்பியவர் டொக்டரின் நல்ல மனதை நம்பித்தான் அனுப்பினார்.

மூன்றாவது, சில வருத்தங்களை வைத்தியத்துக்குரியவையாகவே பார்க்காதது. கொப்பளிப்பான் (சிக்கின்பொக்ஸ்) வந்தால் அம்மாள் வந்திருக்கிறா என்று வேப்பிலை கட்டி, பத்தியம் காத்து, தலைமுழுக வார்ப்பது இன்றும் உண்டு. அங்கே நேரிலும் சரி போனிலும் சரி, டொக்டருக்கு இடம் குறைவு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது தானாக மாறிவிடும் என்பதும் உண்மை. ஆனால் கர்ப்பிணிக்கோ வயது வந்தவருக்கோ வந்தால் அந்தத் தாமதம் ஆபத்து.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றை எந்த வினாக்கொத்தும் கேட்பதாகத் தெரியவில்லை. ஆய்வுகள் தொலைவழி வைத்தியத்தைக் கிளினிக்கோடு ஒப்பிடுகின்றன. இங்கே அதன் உண்மையான போட்டி பாமசி. சந்திக்கு நடந்து, ‘அரிக்குது, ஒரு கிறீம் தாங்கோ’ என்றால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. ஊரடங்கிலும் பாமசிகளுக்கு அனுமதி இருந்தது. அங்கே கிடைப்பது பல தடவை ஸ்டீரொயிட் கலந்த கிறீம். பூசிய இரண்டாம் நாளே அரிப்பு நிற்கும், சிவப்பு அடங்கும். ஆனால் படைக்குக் காரணமான பங்கசுக்கு அது தீனி போட்ட மாதிரி. பூசும்வரை பதுங்கியிருந்து, நிறுத்தியதும் முன்னைவிடப் பெரிதாகக் கிளம்பும். வளைய வடிவம் கலைந்துபோவதால் அனுபவம் உள்ள டொக்டரும் ஏமாறக்கூடும். படம் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்து, காசும் கட்டி, ‘நாலு கிழமை பூச வேண்டும்’ என்று கேட்பதைவிட, இரண்டு நாளில் சுகம் தரும் கிறீம் குழாய் இனிக்கத்தான் செய்யும். தொலைவழி வைத்தியத்தைச் சனங்கள் ஏன் தேடவில்லை என்பதற்குப் பாதிப் பதில் அந்தக் குழாய்க்குள் இருக்கிறது என்பது என் கணிப்பு.

பயத்தில் எவ்வளவு நியாயம்

‘சரியாகப் பிடிப்பார்களா’ என்ற சந்தேகத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஒரு அம்மாவின் முன்னங்கையில் படை. மகள் இரவு சமையல் முடித்த கையோடு குசினி ரியூப் லைற்றின் கீழே கையை நீட்டச் சொல்லிப் படமெடுக்கிறாள். அரிப்புக்கு மஞ்சளும் தேங்காயெண்ணெயும் பூசியிருக்கிறது. எண்ணெய் மினுங்குகிறது, மஞ்சள் நிறத்தை மாற்றிவிட்டது, ரியூப் லைற் அதன்மேல் பச்சை பூசுகிறது. போனில் அழகூட்டும் வசதி தானாக வேலைசெய்து, தோலின் செதிலை ‘சுத்தம்’ செய்துவிடுகிறது. வட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. மறுமுனையில் டொக்டர் காண்பது மண்ணிறத்தில் ஒரு மங்கல்.

மறுநாள் காலை ஒன்பது மணி. கை கழுவித் துடைத்தாகிவிட்டது, ஒன்றும் பூசவில்லை. நேரடி வெயில் படாத விறாந்தை ஓரம். கமரா வில்லையைச் சீலைத் துண்டால் துடைத்து, ஃபிளாஷை நிறுத்தி, முழுக் கையும் தெரிய ஒன்று, ஒரு சாண் தூரத்தில் ஒன்று, பக்கவாட்டில் சரித்து ஒன்று. பக்கத்தில் அளவுக்கு ஒரு ஐந்து ரூபா நாணயம். படங்களை ‘டொகியூமென்ற்’ ஆக அனுப்பினால் சுருங்காது. இப்போது சரித்து எடுத்த படத்தில் விளிம்பு மேடாக எழும்பி நிற்பதும், அந்த விளிம்பில் மெல்லிய செதில் உரிவதும், நடுப்பகுதி தெளிந்திருப்பதும் தெரிகிறது. பங்கசுப் படை என்று சொல்ல ஒரு நிபுணருக்கு இது அநேகமாகப் போதும். அதே கை, அதே போன்.

எங்கள் தோல் நிறமும் இதில் ஒரு பங்காளி. வைத்தியப் புத்தகங்களில் உள்ள படங்கள் பெரும்பாலும் வெள்ளைத் தோலில் எடுத்தவை. அங்கே ‘சிவப்பு’ என்று எழுதியிருப்பது கறுத்த, மாநிறத் தோலில் ஊதாவாகவோ கடும் மண்ணிறமாகவோ தெரியும். தோல் வகைகளைப் பிரிக்கும் ஃபிற்ஸ்பற்றிக் அளவுகோல் 1975 இல் வந்தபோதே வெள்ளைத் தோலுக்காக நான்கு வகையோடு வந்தது. மண்ணிறமும் கறுப்பும் பிறகுதான் சேர்ந்தன. கமராவும் கடும் நிறத்தை வெளிறச் செய்யப் பார்க்கும். ஆகவே நோயாளி வாயால் சொல்வது இங்கே படத்துக்குச் சமன்: எப்போது தொடங்கியது, அரிக்கிறதா நோகிறதா, வீட்டில் வேறு யாருக்கும் இருக்கிறதா, இதுவரை என்ன பூசினீர்கள். கடைசிக் கேள்விக்கு வெட்கப்படாமல் அந்தக் குழாயையே படமெடுத்து அனுப்பிவிடுவது நல்லது.

நல்ல படத்தாலும் முடியாத வேலைகள் உண்டு. செதிலைச் சுரண்டி நுணுக்குக்காட்டியில் பார்க்க முடியாது. தோலில் சிறு துண்டு எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப முடியாது. கட்டி மெத்தென்று இருக்கிறதா கல்லாக இருக்கிறதா என்று தெரியாது.

இதில் தொழுநோயைத் தனியே சொல்ல வேண்டும். இலங்கை அதை 1995 இலேயே ‘ஒழிப்பு’ என்று கொள்ளப்படும் மட்டத்துக்குக் கீழே கொண்டுவந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புது நோயாளர்கள் கண்டுபிடிக்கப்படுகிறார்கள். ஆரம்பத்தில் அது வெளிறிய ஒரு தேமல் மாதிரித்தான் இருக்கும். வித்தியாசம் உணர்ச்சியில்: டொக்டர் பஞ்சு நுனியால் தொடுவார், நோயாளி கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்வார். முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு தடித்திருக்கிறதா என்று விரலால் உருட்டிப் பார்ப்பார். படத்தில் தேமலாகத் தப்பிவிட்டால், இலவச மருந்தால் முற்றாக மாறக்கூடிய வருத்தம் விரல்களைப் பாதிக்கும்வரை போய்விடலாம். வன்னிப் பக்கம் போய்வருபவர்களுக்கு மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸும் அப்படித்தான். நோகாத சிறு புண், மாதக்கணக்கில் ஆறாது. சோதனைக்கும் ஊசிக்கும் நேரில் போயே ஆகவேண்டும்.

நேரில் ஓடவேண்டிய வேறு சிலவும் உண்டு. புது மருந்து தொடங்கிய சில கிழமைக்குள் காய்ச்சலோடு உடம்பெல்லாம் பரவும் தடிப்பு, கூடவே வாயும் கண்ணும் புண்ணாவது. கால் வீங்கிச் சூடாகி, காய்ச்சலோடு மேலே ஏறும் சிவப்பு. உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வளரும் கறுப்பு. இவற்றுக்குப் படமெடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

மறுபக்கம், அக்கி மாதிரி ஒன்றில் படம் உயிர்நாடி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொப்புளம், எரிவோடு நோ: இதைப் படத்தில் இனங்காண்பது அநேகமாகச் சுலபம். வைரசு எதிர்ப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். சனல் நம்பருக்கு இரண்டு கிழமை காத்திருப்பவரைவிட அன்றே படம் அனுப்பியவருக்கு இலாபம். கண்ணுக்குக் கிட்ட அல்லது மூக்கு நுனியில் வந்தால் மட்டும் உடனே வைத்தியசாலைக்கு. முகப்பரு, ஏற்கெனவே கண்டுபிடித்த கரப்பன், சொரியாசிஸ் போன்றவற்றின் மீள்பார்வைக்கும் போன் நல்ல வழி.

எந்தக் கேள்வியைக் கேட்பது

‘தொலைவழித் தோல் வைத்தியம் பிடிக்குமா’ என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் இல்லாமல் போவது இதனால்தான். முகப்பருவுக்கு ஓம் என்பவர் தொடை இடுக்குக்கு இல்லை என்பார். மீள்பார்வைக்கு ஓம், முதல் தடவைக்கு இல்லை. பெண் டொக்டர் என்றால் ஓம். தன் சொந்தப் போன் என்றால் ஓம்.

நெடுந்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ஒருவர் தோல் நிபுணரைக் காண்பதென்றால் குறிகாட்டுவான் இறங்குதுறைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரப் படகு, பிறகு நகரத்துக்கு பஸ், கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. அவரிடம் போய் ‘வீட்டிலிருந்து படம் அனுப்புவீர்களா’ என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி. நெதர்லாந்து, பிரித்தானியா போன்ற நாடுகளில் குடும்ப வைத்தியரே படமெடுத்து நிபுணருக்கு அனுப்பும் முறை தொற்றுக்கு முன்பிருந்தே நடக்கிறது. இங்கேயும் தீவுப் பிரதேச வைத்தியசாலையில் உள்ள டொக்டர் தொட்டுப் பார்த்து, பஞ்சு நுனியால் உணர்ச்சி சோதித்து, வைத்தியசாலைக் கமராவிலேயே படமெடுத்து நகரத்து நிபுணருக்கு அனுப்பலாம். நோயாளியின் போனில் ஒரு படமும் தங்காது. தொட்டுப் பார்க்கவில்லை என்ற குறையும் இல்லை. மருந்துத் துண்டும் அங்கேயே கிடைக்கும். ‘இப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் வருவீர்களா’ என்று, தொட்டுப் பார்க்கச் சொன்ன அந்த அம்மம்மாவிடம் கேட்டு, அந்தப் பதிலை ஐந்து படிகளில் அடையாளமிட்டுப் பார்த்தால், இணைய வினாக்கொத்தில் வந்த எண்களிலிருந்து அது வெகுதூரம் விலகியிருக்கும் என்றே நினைக்கிறேன்.